நெஞ்சுக்குள் ஏறிய வயிறு

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வரும் படகில் நான் படுத்திருக்கிறேன். தலைக்குக் கீழே யாரோ மடித்துத் தந்த சாரம். மத்தியான வெயில். டீசல் மணமும் உப்புக்காற்றும் மாறி மாறி முகத்தில் அடிக்கின்றன. ஓங்காளிக்கிறேன், ஒன்றும் வெளியே வரவில்லை. விழுங்கிய எச்சில்கூடக் கீழே இறங்காமல் திரும்பி வருகிறது. ஈரத்துணியைப் பிழிவதுபோல நெஞ்சுக்குள் ஒரு நோ.

சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோரும் கவலையோடு என்னையே பார்க்கிறார்கள். எனக்கு என்ன வருத்தம் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

"காத்துத்தான். ஒரு சோடா குடிச்சாச் சரி," என்கிறார் தலைமாட்டில் இருந்த ஒருவர்.

"கண்ணூறு. முகத்தைப் பாத்தாத் தெரியேல்லையோ?" இது ஒரு மனிசி.

"நெஞ்சில கொஞ்சம் எண்ணெய் போட்டு உரஞ்சிவிடுங்கோ."

சோடாப் போத்தல் வந்தேவிட்டது. என்னோடு ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பப்பட்ட தாதி அதைக் கையால் தள்ளினார். "ஒண்டும் குடுக்கவேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணியும் வேண்டாம்."

சோடாக்காரருக்கு மனம் நொந்துபோயிற்று. திறந்த போத்தலை வீணாக்காமல் தானே குடித்தார். பிறகு நீளமாக ஓர் ஏப்பம் விட்டார். "பாத்தியளோ?" என்று எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். தன் வைத்தியம் பலித்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

போன கிழமை இந்தப் பத்தியில் எங்கள் ஊர்ச் சங்கத் தேர்தலைப் பற்றி எழுதியதில் இரண்டு வீட்டார் இப்போது என்னோடு கதைப்பதில்லை. ஆகவே இந்தக் கிழமை என் வயிற்றைப் பற்றி எழுதுகிறேன். அது என்னுடைய வயிறு, அதைப் பற்றி எழுதினால் ஒருவரும் கோபிக்க நியாயமில்லை என்று நினைக்கிறேன். ஆனால் அது என்னுடையதுதான் என்று நிறுவுவதற்கே நான் பட்ட பாடு பெரிது.

எல்லாம் காத்து

நான் சுகாதாரம் படிப்பித்த ரீச்சர். வேலணைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பாதி ஆயுள் போயிற்று. மனித உடலின் குறுக்குவெட்டைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு கீறுவேன். மேலே நெஞ்சறை. கீழே வயிற்றறை. இரண்டையும் பிரித்துக்கொண்டு நடுவில் பிரிமென்றகடு என்று ஒரு தசைத் தட்டு. அதில் ஒரு சின்னத் துவாரம், உணவுக்குழாய் இறங்கிவர. துவாரத்துக்குக் கீழே, ஒழுங்கான பிள்ளைபோல, இரைப்பை.

அப்படித்தான் இருக்கவேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். என் இரைப்பை அந்த வகுப்புக்கு வரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு தொல்லை தொடங்கியது. நாலு வாய் சாப்பிட்டால் வயிறு நிரம்பிவிடும். நெஞ்சு அடைக்கும். குனிந்து கூட்டினால் மூச்சு வாங்கும். சாப்பிட்ட கையோடு நடந்தால் பக்கத்து வளவுக்குப் போவதற்குள் இரண்டுதரம் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"காத்து," என்றார் என் கணவர்.

இவர் ஓய்வுபெற்ற கிராம சேவகர். ஊரில் இன்னமும் விதானையார் என்றுதான் கூப்பிடுவார்கள். உத்தியோகத்தில் இருந்தபோது எந்த முறைப்பாட்டையும் ஒரே சொல்லில் தீர்த்துவைப்பார். அந்தப் பழக்கம் வீட்டிலும் தொடர்ந்தது.

எங்கள் தீவுப்பகுதியில் காத்து என்பது வருத்தமல்ல. அது ஒரு தீர்ப்பு. தலை சுற்றினால் காத்து. முழங்கால் நொந்தால் காத்து. மருமகளோடு சண்டை வந்து நெஞ்சு படபடத்தால் அதுவும் காத்து. நாலு பக்கமும் கடற்காற்று அடிக்கிற ஊர். அதில் கொஞ்சம் உடம்புக்குள்ளும் போவது நியாயம்தானே என்று நானும் நம்பினேன். உள்ளி சுட்டுத் தின்றேன். இஞ்சி, ஓமம், பெருங்காயம் எல்லாம் குடித்தேன். வீடு ஒரு மருந்துக்கடைபோல மணத்தது. காத்து மட்டும் அசையவில்லை.

பிறகு முகம் வெளிறத் தொடங்கியது. சோதித்தபோது இரத்தம் குறைவு என்றார்கள். கனடாவிலும் இலண்டனிலும் பரிசிலும் இருக்கும் எங்கள் சொந்தக்காரர் எல்லோருமாக வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். "சரவணை வேர்கள்" என்று பெயர். அதில் என் வெளிறிய முகத்தின் படம் போடப்பட்டது. பீற்றூட், முருங்கையிலை, பேரீச்சம்பழம், கறுப்பு உழுந்து என்று ஆளாளுக்கு எழுதினார்கள். மெல்பேணில் இருக்கும் மருமகன் முறையானவர் டொக்டர்; அவர் சொன்னால் குழுவில் மறுபேச்சில்லை. பல் டொக்டர் என்பதை மட்டும் யாரும் ஞாபகப்படுத்துவதில்லை. "மாமி வயசுக்கு இது நோர்மல்," என்று அவர் எழுதினார். இருபது பேர் கும்பிட்ட கை போட்டார்கள்.

இறக்கமா, ஏற்றமா

கடைசியில் என் வருத்தத்தைக் கண்டுபிடித்தது ஒரு சின்னப் பெட்டை. ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த டொக்டர். முதுகில் குழாயை வைத்தவள் வைத்தபடியே நின்றாள். இன்னொரு இடத்தில் வைத்தாள். திரும்ப முதல் இடத்துக்கு வந்தாள்.

"அம்மா, காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"இடியப்பமும் சொதியும்."

"அது நெஞ்சுக்குள்ள இரையுது," என்றாள். "வயித்தில கேக்கவேண்டிய சத்தம் எனக்கு இஞ்ச கேக்குது."

எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். இருதயத்துக்குப் பின்னால் பெரிய காற்றுக் குமிழ் ஒன்று, அடியில் தண்ணீர் மட்டம் தெரிய, சட்டமாக உட்கார்ந்திருந்தது. அதுதான் என் இரைப்பை. பிரிமென்றகட்டுத் துவாரம் வயதோடு அகன்றுபோக, உணவுக்குழாய்க்குப் பக்கத்தால் மெல்ல மெல்ல மேலே ஏறி, பாதிக்கு மேல் நெஞ்சுக்குள் குடிபோய்விட்டதாம். போகிற வழியில் துவாரத்தின் விளிம்பில் உரஞ்சி உரஞ்சி இரத்தம் கசிந்திருக்கிறது. நான் தின்ற பீற்றூட்டெல்லாம் அந்த ஓட்டையால்தான் போயிருக்கிறது.

"காத்துத்தானே?" என்றார் இவர், குமிழைக் காட்டி.

"ஓம் ஐயா, அது காத்துத்தான்," என்றாள் அந்தப் பிள்ளை. "ஆனா அது இருக்கிற இடம் பிழை."

இவருக்கு விளங்கவில்லை. அவள் வேறுவிதமாகச் சொல்லிப் பார்த்தாள். "வேலியில பொட்டு விழுந்திட்டுது ஐயா. இந்த வளவில இருக்கவேண்டியது அடுத்த வளவுக்குள்ள போய் இருக்குது." உடனே விளங்கிவிட்டது. வேலிச் சண்டை தீர்த்தே உத்தியோகம் பார்த்த மனிதர். "எவ்வளவு காலமா?" என்று கேட்டார். நெடுங்காலம் என்றதும் முகம் கறுத்தது. அனுபவ பாத்தியதை வந்துவிடுமே என்று யோசித்திருப்பார்.

அடுத்த சிக்கல் பெயரால் வந்தது. இது ஒருவகை ஹேர்ணியா என்றாள். தமிழில் அதற்குக் குடலிறக்கம் என்று பெயர். எங்கள் ஊரில் குடலிறக்கம் என்றால் ஆண்களுக்கு, அதுவும் வெளியே சொல்லக்கூடாத இடத்தில் வருவது. "ஆம்பிளையளுக்கு வாற வருத்தம் உமக்கு எப்பிடி வந்தது?" என்றார் இவர், பேருந்தில், குரலைத் தாழ்த்தி.

"எனக்கு இறங்கேல்ல. ஏறியிருக்கு," என்றேன்.

"அதை வெளியில சொல்லாதையும். நெஞ்சு வருத்தம் எண்டு சொல்லுவம்."

நெஞ்சு வருத்தத்துக்கு எங்கள் ஊரில் ஒரு மரியாதை உண்டு. ஆட்கள் தோடம்பழத்தோடு வந்து பார்ப்பார்கள். வயிறு ஏறியது என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆகவே எனக்கு நெஞ்சு வருத்தம் என்று சொல்லப்பட்டது. ஒரு வகையில் பொய்யுமில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர், இவ்வளவு பெரிதாக ஏறி, மூச்சும் வாங்கி, இரத்தமும் கசிவதால் செய்துவிடுவது நல்லது என்றார். ஏறிய இரைப்பை முறுகினால் ஆபத்து என்றும் சொன்னார். குழுவில் விடயம் போடப்பட்டது. மகள் ஓகஸ்டில் லீவில் வருவாள், அதுவரை பொறுக்கட்டும். கோயில் கொடியேற்றம் முடியட்டும். இப்போது கிரகம் சரியில்லை. பல் டொக்டர் "வெயிட் பண்ணலாம்" என்று எழுதினார். கும்பிட்ட கைகள் வரிசையாக வந்தன. ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பயம் வந்தால் மற்றவர்களின் முடிவு நல்ல தலையணை மாதிரி.

புதுநன்மை விருந்து

நெடுந்தீவில் மாடு வளர்க்கும் சூசைப்பிள்ளை இவருடைய நெடுங்காலச் சினேகிதர். அவருடைய மகளின் பிள்ளைக்குப் புதுநன்மை, கோயிலில் முதல்முதல் நற்கருணை வாங்கும் நாள். போகாவிட்டால் குறை நினைப்பார்.

பூசை முடிந்து பந்தியில் இருத்தினார்கள். நான் வழக்கம்போல நாலு வாயோடு நிறுத்தினேன். சூசைப்பிள்ளை விடவில்லை. "ரீச்சர் ஒண்டும் சாப்பிடேல்ல! எங்கட சாப்பாடு பிடிக்கேல்லையோ?" என்று தானே சோறு போட்டார். ஆட்டிறைச்சி, அதற்கு மேலே கத்தரிக்காய், பிறகு ஒரு சட்டி தயிர். அன்பை மறுக்க எங்களுக்குப் படிப்பிக்கவில்லை. முழுவதையும் சாப்பிட்டேன்.

கை கழுவக் குனிந்தேன். உள்ளே ஏதோ திரும்பியது. கதவின் கொண்டி விழுவதுபோல, அவ்வளவு தெளிவாக.

நெடுந்தீவு ஆஸ்பத்திரியில் டொக்டரிடம், "எனக்கு இரைப்பை நெஞ்சுக்குள்ள ஏறியிருக்கு. இப்ப முறுகிப்போட்டுது எண்டு நினைக்கிறன்," என்றேன். ஓங்காளத்துக்கு இடையில் சொன்ன அந்த ஒரு வசனத்தாலேயே நான் சுகாதாரம் படிப்பித்தது வீண்போகவில்லை. அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஊசி போட்டார், படகு ஒழுங்குபண்ணினார், தாதியையும் கூட அனுப்பினார்.

படகு அவசரத்துக்கு விடப்படுகிறது என்ற செய்தி எனக்கு முன்னால் இறங்குதுறைக்குப் போய்விட்டது. வழமையான படகைத் தவறவிட்டவர்கள் எல்லோரும் அங்கே என் சொந்தக்காரர் ஆனார்கள். "நான் ரீச்சரின்ர மச்சாள் முறை" என்று ஒருத்தி ஏறினாள். "நான் ரீச்சரிட்டைப் படிச்சனான்" என்று ஏறிய மனிதருக்கு என்னைவிட வயது கூட. ஒருவர் இரண்டு ஆட்டுக்குட்டிகளோடு ஏறினார். அவற்றுக்கு என்ன முறை என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் கூட்டம்தான் என்னைச் சுற்றியிருந்து வைத்தியம் சொன்னது. ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்க, சோடாவா எண்ணெயா என்று சண்டை வருமளவுக்குப் போயிற்று. படகு அலையில் ஏறி விழும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது.

நான் இவரைத் தேடினேன். என் செருப்பு இரண்டையும் மடியில் வைத்துப் பிடித்தபடி கால்மாட்டில் இருந்தார். காத்து என்று சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்க ஏதாவது சொல்லிக்கொண்டிருந்த மனிதரின் வாய் மூடியிருந்ததைப் பார்த்தபோதுதான், நான் செத்துப்போகலாம் என்று எனக்குப் பட்டது.

ஆருடைய வயிறு

யாழ்ப்பாணத்தில் மூக்கால் ஒரு குழாயை விட்டார்கள். விடும்போது பட்டதைச் சொல்ல விரும்பவில்லை. விட்டதும் உள்ளே அடைபட்டுக் கிடந்த காற்றும் தயிரும் புதுநன்மை விருந்தும் பைக்குள் வந்து நிரம்பின. நெஞ்சைப் பிழிந்துகொண்டிருந்த கை கொஞ்சம் தளர்ந்தது. ஸ்கான் எடுத்தார்கள்.

ஒல்லியான ஒரு பெண், ஓடுகிறவர்கள் போடும் சப்பாத்தோடு, கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பிள்ளை, பெரிய டொக்டர் எப்ப வருவார்?" என்று கேட்டார் இவர்.

"அவ வந்திட்டா ஐயா," என்றாள் அவள். "நான்தான்."

இவர் எழுந்து நின்றார். அவள் என்னைப் பார்த்துத்தான் கதைத்தாள். "அம்மா, குழாய் வைச்சதால நோ குறைஞ்சிருக்கு. ஆனா முறுகல் முழுக்க விடேல்ல. திரும்ப இறுகினா வயித்துக்கு இரத்தம் போகாது, அழுகிடும். நாளைக்குக் காலமையே செய்யவேணும்."

"செய்யாட்டி?"

"உயிருக்குப் பயம்."

"செய்தா?"

"செய்தாலும் பயமில்லை எண்டு சொல்லமாட்டன். ஆனா அது சின்னப் பயம்."

இவ்வளவு நேர்மையாக யாரும் என்னோடு கதைத்து நெடுநாளாகிறது.

"பிள்ளையளைக் கேக்கவேணும்," என்றார் இவர், கைபேசியை எடுத்துக்கொண்டு.

"சரவணை வேர்கள்" கூடியது. திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளாக முகங்கள். மகன் ரொறன்ரோவில் நித்திரை முறிந்த முகத்தோடு. மகள் இலண்டனில் மத்தியான முறை வேலைக்குப் போகும் ரயிலில், "அம்மா, ஒண்டுக்கும் ஓம் எண்டு சொல்லிப்போடாதேங்கோ, இன்னொருத்தரிட்டையும் கேப்பம்," என்று அழுதபடி. பரிசிலிருந்து மச்சாள், கொழும்பில் செய்தால் என்ன என்றாள். பல் டொக்டர் தொண்டையைச் செருமினார். "கத்தி வைக்காம மருந்தால பாக்கேலாதோ எண்டு கேளுங்கோ மாமா." ஒருவருடைய தொடர்பு அடிக்கடி அறுந்தது. அவருக்காக எல்லாம் முதலிலிருந்து திரும்பச் சொல்லப்பட்டது.

நிபுணர் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக நின்றாள். பிறகு சொன்னாள், "ஐயா, வருத்தம் ஆருக்கோ, அவதான் சொல்லவேணும்."

எல்லாப் பெட்டிகளும் என்னைப் பார்த்தன. என் மூக்கில் குழாய். முகத்தில் பிளாஸ்டர். இந்தக் கோலத்தில் ஒருவரும் என்னைப் படமெடுத்துப் போடவில்லை என்பது மட்டும் ஆறுதல்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் படகில் இருந்த பயம் வேறு. அதில் என் கையில் ஒன்றும் இல்லை.

"மிஸ், பேனையைத் தாரும்," என்றேன் தாதியிடம். குரல் காகம்போல வந்தது.

"அம்மா!" என்றாள் மகள் ரயிலிலிருந்து.

"நீ வேலைக்குப் போ மோனை," என்று சொல்லிவிட்டுச் சம்மதப் பத்திரத்தில் கையொப்பம் போட்டேன்.

ஏப்பம் இல்லாத வீடு

வயிற்றில் ஐந்து சின்னத் துளைகள் போட்டு, கமராவை விட்டுச் செய்தார்கள். நான் கண்விழித்த பிறகு அவள் கையாலேயே காட்டினாள். இரைப்பையை மெல்ல இழுத்துக் கீழே கொண்டுவந்தாளாம். அது நெஞ்சுக்குள் கட்டிவைத்திருந்த பையை உரித்து எடுத்தாளாம். அகன்ற துவாரத்தைத் தையல் போட்டு ஒடுக்கினாளாம். கடைசியில் இரைப்பையின் மேல்நுனியை உணவுக்குழாயின் அடியைச் சுற்றித் தளர்வாகப் போர்த்தித் தைத்தாளாம். "நல்ல வயிறம்மா, அழுகேல்ல," என்றாள். பரீட்சையில் பிள்ளை பாஸ் என்று கேட்ட தாய்போல எனக்குப் பெருமை.

வீட்டுக்கு வந்ததும் பார்க்க வந்தார்கள். முதல் கிழமைகளில் எனக்குத் தண்ணீராக ஓடுகிற சாப்பாடு மட்டும். பிறகு மசித்தது. பாண் கூடாது, இறைச்சி கூடாது, சோடா கூடவே கூடாது. பாரம் தூக்கக் கூடாது. வந்தவர்கள் கொண்டுவந்தவை: பாண், கேக், கோழிப் பொரியல், ஒரு பெட்டி சோடா. "ஒரு துண்டு சாப்பிட்டால் என்ன செய்யப்போகுது?" என்றாள் ஒருத்தி. வேண்டாம் என்றேன். அவளுக்குக் கோபம். திரும்ப மூக்கால் குழாய் விடுவதைவிட அவளுடைய கோபம் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்று. இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு கொஞ்சக் காலம் ஏப்பம் வராது. போர்த்தித் தைத்ததால் காற்று மேலே வர வழியில்லை. இவருக்கு இது பெருங்கவலை. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு எனக்கும் சேர்த்துத் தானே விடுவார்.

குழுவில் என்னைக் காப்பாற்றியவர்கள் பலர். உடனே செய்யச் சொல்லி முதலில் சொன்னது தான்தான் என்று பல் டொக்டர் எழுதினார். மச்சாள் பரிசில் வைத்த நேர்த்திக்கடன் பலித்ததாம். மகன் அந்த நேரத்தில் எழும்பியதே ஒரு சகுனம். சந்திக் கடையில் இவர் பிரிமென்றகட்டைப் பற்றி வகுப்பெடுக்கத் தொடங்கினார். நெஞ்சைத் தடவிக்கொண்டு வருகிற எல்லோரையும், "பொட்டு விழுந்திருக்கும், படம் எடுத்துப் பாரும்," என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார். அந்தச் சின்ன டொக்டர் எங்களை எங்கே கண்டாலும் வேறு பக்கம் பார்க்கிறாள்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். கஞ்சியை மூன்றுதரம் வடித்துத் தந்தது அவர்தான். குசினிக்குள் சுளகு எது, சல்லடை எது என்று தெரியாத மனிதர்.

கடைசிக் கிளினிக்குக்குப் போனபோது நிபுணர் புதிய எக்ஸ்ரேயைக் காட்டினாள். இருதயத்துக்குப் பின்னால் குமிழ் இல்லை.

"இனித் திரும்ப ஏறாதே?" என்று கேட்டார் இவர்.

"ஏறவும் கூடும் ஐயா. சில பேருக்கு ஏறும். உறுதி சொல்ல ஏலாது."

அவருடைய முகம் வாடிவிட்டது. உறுதி எழுதி முத்திரை குத்திக் கொடுத்துப் பழகியவர். பேருந்தில் ஏறினோம். பண்ணைப் பாலம் தாண்டி, மண்டைதீவுச் சந்தியும் கழிந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர். நான் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் பதறிப்போனார்.

"என்ன செய்யுது? நோகுதே?"

"நோ இல்லையப்பா. பசிக்குது."

அவர் நம்பவில்லை. எத்தனையோ வருடமாக நான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார், "எவ்விடத்தில?"

அவருடைய கையை எடுத்து, விலாவுக்குக் கீழே, வயிறு இருக்கவேண்டிய இடத்தில் வைத்தேன்.